புள்ளி தண்ணீரில் விழுகிறது

கெட்டாவுக்குக் கிழக்கே ஒரு மணல் விரல்.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல்.
குறுக்கே எழுபது மீட்டர்;
போன வருடக் கோப்பில் தொண்ணூற்றாறு.
நாடாவின் மறுமுனையில் நின்ற ஜிக்போடி
நான் தப்பாகப் படிக்கிறேன் என்று
திரும்ப அளக்கச் சொன்னாள்.
அறுபத்தொன்பது.

வேலை எளிதுதான்.
வீட்டுக்கு நாற்பத்தொரு கேள்வி.
சுவர் சிமெண்டு என்றால் ஒன்று,
மண் மூன்று, தென்னங்கீற்று ஐந்து.
கூட்டினால் ஓர் எண், எண்ணுக்கு ஒரு நிறம்.
அக்ரா அலுவலகச் சுவரில் இந்தக் கரை
பழக்கடை மாதிரித் தெரியும்.

மீனைப் புகைபோட்டுக்கொண்டே
பதில் சொன்னாள் அகோர்ஃபா.
குடும்பத்தில் எத்தனை பேர்?
"சாப்பிடவா, தூங்கவா?"
படிவத்தில் அப்படிப் பிரிவில்லை.
சாப்பிட ஒன்பது, தூங்க ஆறு,
மூன்று பேருக்குப் படகு.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

இந்த வீட்டில் எத்தனை வருடம்?
"எந்த வீட்டில்?"
புகைக்குச் சுருங்கிய கண்ணோடு
தெற்கே கையை நீட்டினாள்.
முதலாவது அங்கே,
நுரை திரும்புகிறதே, அதற்கும் அப்பால்.
கல்யாணமாகி வந்து ஏறியது அந்தப் படியில்.
இரண்டாவது இன்னும் இப்பால்,
சாய்ந்த தென்னைக்கு அடியில்.
தென்னை இப்போது இல்லை,
சாய்வு மட்டும் அவள் கையில் இருந்தது.
இது மூன்றாவது.
மூன்றுக்கும் ஒரே கதவு.
கழற்றிக் கழற்றி மாட்டியதில் கீல் தேய்ந்து
கதவு நிற்க ஒரு கல் வேண்டியிருந்தது.

"எழுது, மூன்று வீடு."
ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது என்றேன்.
"அப்படியானால் முதலாவதை எழுது,
அதுதான் பெரியது."

மூன்றாவதை ஜிக்போடி தன் கருவியில் பதிந்தாள்.
நான் முதலாவதை.
ஏன் என்று கேட்காதீர்கள்.
முழங்கால் நனைய நின்று
அவள் விரல் போன திசையில் திரையைத் தொட்டேன்.
புள்ளி தண்ணீரில் விழுகிறது,
சரிபார்க்கவும் என்றது.
சரிபார்த்தேன்.
தண்ணீரில்தான்.

அடுத்தது சென்யோ. காது கேளாது.
கேள்வி இருபத்தாறு: எச்சரிக்கை மணி கேட்குமா? ஐந்து.
தனியாக இருக்கிறாரா? ஐந்து.
அந்தக் கரையிலேயே அடர்ந்த சிவப்பு அவர்.
ராத்திரியில் கடல் உள்ளே வந்த மூன்று தடவையும்
தெருவையே தட்டி எழுப்பியது அவர்தான் என்றான்
வலை பிரித்துக்கொண்டிருந்த பையன்.
தரையில் படுப்பாராம்,
மணல் அதிர்ந்தால் முதுகுக்குத் தெரியுமாம்.
ஒரு தடவை வெறும் லாரிக்கும் தட்டிவிட்டார்.
காயல் கரையில் குழந்தைகளோடு நின்று
விடிய விடிய அவரைத் திட்டினார்கள்.
அவருக்குக் கேட்கவில்லை.

வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே கிணறு.
உப்பு பார்க்கும் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது.
ஜிக்போடி ஒரு வாய் அள்ளி,
துப்பிவிட்டு, "நாலு" என்றாள்.
சிறிது தூரம் போனபின்
"நாலரை."

அக்ராவில் ஏசி அறையில் உட்கார்ந்து
விடுபட்ட கட்டங்களை நிரப்பினேன்.
முதல் வீடு.
சுவர்: இல்லை. கூரை: இல்லை.
தூங்குபவர்கள்: இல்லை.
முதியோர், கைக்குழந்தை, கர்ப்பிணி: இல்லை.
இழக்கக்கூடிய பொருட்கள்: இல்லை.
இல்லாததற்கு மதிப்பெண் சுழியம்.

நூற்றுப் பதின்மூன்று வீடுகளில்
அது ஒன்றுதான் பச்சை.
கடலின் நீலத்துக்குள்
ஒரு பயறு அளவு பச்சை.

பிழை, அழித்துவிடு என்றார் மேலாளர்.
திங்கட்கிழமை செய்கிறேன் என்றேன்.
அன்று புதன்.